பணிவுத் தேர்வு

“ஆமாங்க சேர், எனக்குத் தகுதி இருக்கு. கேட்ட மூணு பேருல நான்தான் நல்லாப் பேசுவேன்.”

சட்டத்தரணி சீதா இவ்வாறு சொல்லி முடித்ததும், கண்டி வாசகர் வட்டத்தின் கூட்ட மண்டபத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

தலைவர் மகேந்திரராசா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

விடயம் இதுதான். அடுத்த சனிக்கிழமை கொழும்பிலே சொற்போரின் இறுதிச் சுற்று. ‘அறமே மகிழ்ச்சிக்கு வழி என்ற பண்டைக் கிரேக்கர் கொள்கை இன்றைக்கும் பொருந்துமா?’ என்பது தலைப்பு. கண்டிக்கு ஒரேயோர் இடம்.

அறத்தைப் பற்றிப் பேசப் போகிறவரிடம் பணிவு இருக்க வேண்டாமா? ஆகவே மகேந்திரராசா ஒரு தேர்வை வகுத்தார். விண்ணப்பித்த மூவரிடமும் ஒரே கேள்வி: “உமக்குத் தகுதி உண்டோ?”

அக்குறணைத் துணிக்கடை அரூஸ் முதலிலேயே கழன்றுகொண்டார். “ஆசையில பேரக் குடுத்துட்டேன் சேர். மேடையக் கண்டா நாக்கு ஒட்டிக்கிடும். என்னய உட்டுருங்க.”

அடுத்தவர் ஆரணன், வங்கி முகாமையாளர். எழுந்து கைகூப்பினார்.

“தகுதியைப் பற்றிச் சொல்ல நான் ஆர் சேர்? நான் வெறும் தூசி. நீங்கள் ஆரை அனுப்பினாலும் எனக்குச் சந்தோசம்.”

மகேந்திரராசாவின் நெஞ்சு வெண்ணெயாய் உருகிற்று. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வளர்ப்பு இதுவல்லவோ என்று உள்ளூரப் பூரித்தும் கொண்டார்.

மூன்றாவதாக எழுந்து அப்படி மறுமொழி சொன்னவள்தான் ஹந்தானையிலிருந்து வந்த சீதா.

“பிள்ளை, தன்ர வாயால தன்னைப் புகழிறது வடிவோ?” என்றார் மகேந்திரராசா.

“புகழலைங்க சேர். நீங்க கேட்டீங்க, உள்ளதைச் சொன்னேன்.”

“கோட்டுல வழக்குப் பேசிப் பழகின வாய் சேர்,” என்று குறுக்கிட்டார் செயற்குழு உறுப்பினர் ஹலீம். “கேள்வி கேட்டா மறுமொழி வரத்தானே செய்யும்.”

சிரிப்பு அடங்கியதும் சீதா நிதானமாகத் தொடர்ந்தாள்.

“கோழைத்தனம் ஒரு பக்கம், முரட்டுத்தனம் மறுபக்கம், நடுவுல நிக்கிறதுதான் வீரம்னு அரிஸ்டோட்டில் சொன்னதா நீங்கதானே எங்களுக்குப் பேசினீங்க? இதுவும் அப்படித்தாங்க. தகுதி இல்லாதவன் இருக்குன்னா அது வீண்பெருமை. இருக்கிறவன் இல்லேன்னா அதையும் அந்த மனுசன் குறையாத்தான் எழுதி வச்சிருக்காரு.”

“அது கிரேக்க தேசத்துக்குச் சொன்னது. இது கண்டி.”

“அப்ப கொழும்புல போயி எதைங்க சேர் பேசப் போறோம்?”

மகேந்திரராசா, ஆணவம் பிடித்த பெண் என்று மனத்துக்குள் முத்திரை குத்திவிட்டு, முடிவை அறிவிப்பதற்காக எழுந்து நின்றார். ‘ஆரணன்’ என்ற பெயர் நாவின் நுனிவரை வந்துவிட்டது.

அவ்வேளை பார்த்துக் கைத்தொலைபேசி அலறியது. அழைத்தவர், வீட்டில் கேக் செய்து விற்கும் அவருடைய மனைவி திரேசா. மகேந்திரராசாவுக்குக் காது சற்று மந்தமாகையால், எந்த அழைப்பானாலும் ஊருக்கே கேட்கும்படி வைத்துப் பேசுவது அவர் வழக்கம்.

“இஞ்சேருங்கோ, கூட்டம் முடிஞ்சுதோ? ஐசிங் காயப் போகுது. ‘கொழும்பு மேடை ஏறும் ஆரணனுக்கு வாழ்த்துகள்’ எண்டு கேக்கில எழுதித் தரச் சொன்னவர். பின்னேரம் எடுக்க வருவினம்.”

“எந்தக் கேக்? ஆர் சொன்னது?”

“ஆரணன்தான். வியாழக்கிழமையே வந்து ஓடர் தந்திட்டுப் போனவர். ‘இன்னும் தெரிவு செய்யேல்லையே தம்பி’ எண்டு கேட்டனான். ‘என்னை விட்டா வேற ஆர் அன்ரி இருக்கினம்?’ எண்டார்.”

ஆரணனின் முகம் செம்பருத்தியாய்ச் சிவந்தது.

ஹலீம் தொண்டையைச் செருமினார். “அப்ப சேர், தகுதி இருக்குன்னு ரெண்டு பேரு சொல்லியிருக்காங்க. ஒருத்தங்க உங்கட மொகத்துக்கு நேர. ஒருத்தர் கேக்குக்கு.”

சிரிப்பு மண்டபத்தின் கூரையைத் தொட்டது. மகேந்திரராசா மட்டும் சிரிக்கவில்லை. பணிவை அளப்பதாக எண்ணி, நல்லதொரு பிள்ளையைப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது.

“பிழை ஆரணனிலயில்லை,” என்றார் தாழ்ந்த குரலில். “நான் கேட்ட கேள்விதான் பிழை. தம்பி, இப்ப உள்ளதைச் சொல்லும்.”

ஆரணன் எழுந்தார். இம்முறை கை கூப்பவில்லை.

“நான் நல்லாப் பேசுவன் சேர். அது எனக்குத் தெரியும். சீதா அக்கா என்னைவிடத் திறமாப் பேசுவா. அதுவும் எனக்குத் தெரியும். அவவை அனுப்புங்கோ.”

சொல்லி முடித்ததும் அவருடைய தோள்கள் தாமாகவே இளகின. அத்தனை பேர் நடுவில் தோற்று நின்ற மனிதரின் முகத்தில், வென்றவருக்கும் வாய்க்காத ஒரு மகிழ்ச்சி பரவியது. அன்றைக்கு முதற்கைதட்டு சீதாவுடையது. இரண்டாவது மகேந்திரராசாவுடையது. பின்பு மண்டபமே அதிர்ந்தது.

“கொழும்புக்குப் போவது சீதா,” என்று தலைவர் தம்முடைய முழுக் குரலையும் எடுத்து அறிவித்தார்.

ஆரணன் மேசைமேல் இருந்த தொலைபேசியை நோக்கிக் குனிந்தார். “அன்ரி, கேட்டுக்கொண்டுதானே இருக்கிறியள்? கேக்கில என்ர பெயரை அழிச்சுப்போட்டுச் சீதா எண்டு மாத்தி எழுதுங்கோ.”

“அழிக்க ஒண்டுமில்லைத் தம்பி,” என்றார் திரேசா. “போன மாதம் வட்டத்தில அந்தப் பிள்ளை பேசேக்க நானும் பின்வரிசையில இருந்தனான், பெயருக்குரிய இடத்தை வெறுமையாத்தான் விட்டு வைச்சிருக்கிறன்.”