பதினான்காம் கட்டிலுக்கு வந்தவர்

அந்த வெள்ளைக்காரக் கிழவர் எந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாலும், இரண்டே நாளில் அந்தக் கட்டில் காலியாகிவிடுகிறது.

சத்தியபாமா இதைக் கவனித்தது இரண்டாவது சாவில்தான்.

1976. மெல்போர்னில் ஒரு பழைய ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு. பதினான்காம் கட்டிலில் அவளுடைய மாமனார் கிருஷ்ணசாமி. மலேசியாவிலிருந்து மகனோடு இருக்க வந்தவர், வந்த வருசமே படுத்துவிட்டார். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு ரசம் சாதத்தோடு டிராம் பிடித்து வருவாள் சத்தியபாமா.

போன திங்கட்கிழமை கிழவர் ஏழாம் கட்டில் பக்கத்தில் இருந்தார். கூலித் தொழிலாளி மாதிரி நீலச் சட்டை, கரகரத்த குரல். புதன்கிழமை ஏழாம் கட்டில் காலி. அன்றைக்கே பதினோராம் கட்டில் பக்கத்தில், கறுப்புக் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். குரல் வேறு, நடை வேறு. முகம் மட்டும் அதே முகம். வெள்ளிக்கிழமை அந்தக் கட்டிலிலும் புது விரிப்பு.

அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்கு அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெரிந்துபோனது. டி.வி.யில் ஏதோ பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். பனிமூட்டத்தில் ஒரு சவ வண்டி. அதன் பின்னால் உயரத் தொப்பியோடு மெல்ல நடந்து வந்தார் அதே ஆள்.

"என்னங்க, இவர்தான். ஆஸ்பத்திரில நான் பார்த்தவர்."

கணவன் மகாதேவன் பேப்பரைக் கீழே இறக்கினான். "இவரா? பழைய படம் எதுல பார்த்தாலும் ஒரு ஓரத்துல நிப்பாரு. ஒண்ணு பொணம் தூக்குவாரு, இல்லன்னா தூக்குல போடுவாரு. பேரு யாருக்குத் தெரியும்?"

"நிஜமா பார்த்தேங்க."

"முப்பது வருசத்துப் படம் சத்யா. ஆளு இப்ப இருக்காரோ இல்லையோ."

இதைச் சொல்லிவிட்டு அவன் பேப்பருக்குள் போய்விட்டான். அவள்தான் இரவு முழுக்கத் தூங்கவில்லை.

மறுநாள் வார்டு வாசலிலேயே கால் நின்றுவிட்டது. கிழவர் பதினான்காம் கட்டில் பக்கத்தில் இருந்தார்.

இன்றைக்குக் காக்கி உடுப்பு, பெரிய மீசை, மடியில் வெயில் தொப்பி. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

சத்தியபாமா உள்ளே போகவில்லை. நேராக வார்டு சிஸ்டரிடம் ஓடினாள்.

"அந்த ஆளை வெளியே அனுப்புங்க. அவர் உட்கார்ற கட்டில்லயெல்லாம் சாவு விழுது."

சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார். "அவர் வர்றதால யாரும் சாகலை. சாகப்போறவங்க கிட்டதான் நான் அவரை அனுப்புறேன்."

"அப்போ எங்க மாமா..."

"டாக்டர் இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லுவார்." சிஸ்டர் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். "அவர் மிஸ்டர் டாப்லி. இங்கிலாந்துல நாற்பது வருசம் துணை நடிகர். கடைசி நேரத்துல எல்லாரும் யாரையாவது கேட்கிறாங்க. அந்த ஆள் வர முடியாதுன்னா, இவர் அந்த ஆளாப் போய் உட்கார்றார். ஏழாம் கட்டிலுக்கு அண்ணன். பதினொண்ணுக்குப் பள்ளிக்கூட வாத்தியார். உங்க மாமா காய்ச்சல்ல எஸ்டேட் துரையைக் கேட்டார். கதை முழுக்கச் சொன்னார்."

அந்தக் கதை சத்தியபாமாவுக்கும் தெரியும். ரப்பர் ஷீட் காயவைக்கிற கொட்டகை எரிந்துபோனது. துரை போட்ட சுருட்டால் வந்த நெருப்பு. பழியைக் கணக்கப்பிள்ளை கிருஷ்ணசாமி தலையில் போட்டார் துரை. கணக்கு வேலை போய், அதே எஸ்டேட்டில் கடைசிவரை ரப்பர் மரம் சீவும் கூலியாக இருந்தார் மாமா. "அப்பா அன்னிக்குக் கொஞ்சம் அசந்திருப்பாரு" என்று பெற்ற மகனே சொல்வான்.

அவள் மெல்லக் கட்டில் பக்கம் போனாள். இப்போது கிழவரின் இங்கிலீஷ் காதில் விழுந்தது.

"தப்பு என்னுடையது, கிருஷ்ணசாமி. சுருட்டைப் போட்டவன் நான். நீ இல்லை. எல்லார் முன்னாலயும் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"தேங்க்யூ, சார்" என்றார் மாமா.

கிழவர் எழுந்து, தொப்பியை நெஞ்சில் வைத்து அவளுக்குத் தலை குனிந்தார். பிறகு படத்தில் நடந்த அதே நடையில் சத்தமில்லாமல் போனார். அவரைப் போய் எமன் என்று நினைத்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரியரைத் திறந்தாள். தன் பங்குக்கு அவளும் நடித்தாள்.

"துரை வந்துட்டுப் போனாரா, மாமா?"

கிருஷ்ணசாமி கண்ணைத் திறந்தார். காய்ச்சல் விட்டுத் தெளிந்த கண்.

"துரை செத்து இருபது வருசமாச்சும்மா. எஸ்டேட் ஆளுங்க எல்லாரும் போய் மண்ணு போட்டோம்."

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. "அப்புறம் ஏன் அழுதீங்க?"

"அந்த வார்த்தையை ஒருத்தராவது சொன்னாங்கல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இவரை எனக்குத் தெரியும். எஸ்டேட் திடல்ல வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவாங்க. பொணத்துக்குப் பின்னாடி நடப்பாரு. எந்தப் படத்துலயும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச விட்டதில்ல. இன்னிக்குத்தான் பத்து நிமிசம் பேசினாரு."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாத."