தீக்குச்சியின் அதிகாரம்

ஒரு மைக் செட் கடையில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. மைக் ஒயரைச் செருகுகிற சாக்கெட் தளர்ந்துபோனதால், ஒயர் ஆடாமல் இருக்க யாரோ ஒரு தீக்குச்சியை இடுக்கில் சொருகிவிட்டார்கள். அன்று முதல் தீக்குச்சி வைத்ததுதான் சட்டம்.

"மெதுவாப் பேசும் ஓய்! அதிர்வுல நான் நழுவினா நீர் ஊமை. அப்புறம் காயலான் கடைதான்" என்று மிரட்டும்.

"சரிங்க ஐயா" என்று அத்தனை பெரிய ஆம்ப்ளிஃபயரும் குரலை அடக்கிக்கொள்ளும்.

ஒருநாள் கடைக்காரர் சவரிமுத்து தீக்குச்சியைப் பிடுங்கி மேசையில் போட்டார். பழைய சாக்கெட்டையும் கழற்றினார்.

"ஐயோ, ஐயா இல்லாம எப்படிப் பேசுவேன்?" என்று ஆம்ப்ளிஃபயர் நடுங்கிப்போயிற்று.

"பேசும், பார்ப்போம்" என்று தீக்குச்சி சிரித்தது.

சவரிமுத்து புது சாக்கெட்டை வைத்து ஈயப்பற்று போட்டார். "நான் பிடிச்சுக்கிறேன், நீங்க தைரியமாப் பேசுங்க" என்றது சாக்கெட்.

சவரிமுத்து மைக்கைச் செருகி, "ஹலோ" என்றார்.

அடேயப்பா! தெருக்கோடி வரை காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தது. மேசை கிடுகிடுத்து, தீக்குச்சி உருண்டு தரையில் விழுந்தது. அங்கே கிடந்தபடி என்னவோ கத்தியது.

ஆம்ப்ளிஃபயருக்குக் கேட்கவில்லை. அடுத்த ஹலோவுக்கு அது நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.