எட்டும் உயரம்

துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். 'எந்த மலைக்கும் மசியாத மனுஷன்' என்று அவர்கள் சொல்லிப்போனது மட்டும் காதில் நிற்கிறது. சாய்ந்த வெயிலில் மனைவி அவருடைய சட்டைகளைத் துவைத்து, பால்கனிக் கொடியில் உலர்த்துகிறாள். கொடி என்பது அவர் சிகரமேறிய பழைய நீலக் கயிறுதான். காலி வாளியை எடுக்க வரும் மகனின் நெற்றியில் அது பட்டென்று இடிக்கிறது. "இது ஒரு தொல்லைம்மா! கொஞ்சம் ஏத்திக் கட்டிடறேன்." அப்பா போட்ட முடிச்சு, அசைவேனா என்கிறது. "விடுடா. உன்னைவிட நெட்டைதானே உங்கப்பா? எனக்கு எட்டணும்னுதான் இங்க கட்டினார். எத்தனை மலை ஏறிட்டு வந்தாலும் இதுக்கடியில குனிஞ்சேதான் போவார்." அவள் அடுத்த சட்டையை உதறுகிறாள், முகத்தில் சாரல் தெறிக்கிறது. மகன் முடிச்சை விட்டுவிட்டு, முதுகை வளைத்துக் கயிற்றுக்கடியில் நுழைகிறான். ஈரச் சட்டைக் கை ஒன்று அவன் பிடரியைத் தடவிவிட்டு விலகுகிறது.