ஏழு கத்தியும் ஒரு சத்தியமும்

"அம்மா, அப்படியே நில்லுங்க! ரோட்டுல கிடக்கிற ஏழு கத்தியும் உங்களோடதா?"

டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில், பாலத்தடி சைக்கிள் பாதையில் விழுந்து கிடந்த பெண் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஐம்பது வயதிருக்கும். அவள் சைக்கிள் கூடையிலிருந்து சிதறிய கத்திகள் வெயிலில் பளபளத்தன. பின்னால் வந்தவர்கள் மணியடித்தபடி சுற்றிக்கொண்டு போனார்கள்.

"என்னோடதுதான் சார். நான் சமையல்காரி, பேரு விபெகே. பக்கத்துல ஒரு வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருந்தேன்."

"நான் பிரேபன் டாம்ஸ்கார், போலீஸ். எந்த வீடு?"

பதில் சொல்லத் திறந்த விபெகேயின் வாய் அப்படியே நின்றது. அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது வந்து… சொல்ல முடியாதுங்க."

பிரேபனுக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ். சட்டம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"இங்க பாருங்கம்மா. காரணம் இல்லாம பொது இடத்துல கத்தியோட திரியக் கூடாது. வேட்டைக்கா, வெச்சுக்கலாம். மீன் பிடிக்கவா, வெச்சுக்கலாம். வேலைக்கா, அதுக்கும் தடை இல்ல. ஆனா காரணம் நிஜமா இருக்கணும். சமைக்கப் போறேன்னு யாரு வேணா சொல்லலாம். எங்க, யாருக்குன்னு சொல்லுங்க, நானே பொறுக்கிக் குடுத்து அனுப்பிடறேன்."

"சத்தியம் பண்ணியிருக்கேன் சார்."

"யாருக்கு?"

"அந்த வீட்டம்மாவுக்கு. அவங்க புருஷனுக்கு விஷயம் தெரியவே கூடாதாம்."

பிரேபனின் மீசை துடித்தது. ஏழு கத்தி. ஒரு மனைவி. ஒன்றுமே அறியாத ஒரு புருஷன்!

"அந்த மனுஷன் மேல உங்களுக்கு ஏதாவது கோபமா?"

"இதுவரைக்கும் இல்ல சார். இப்பதான் லேசா வருது."

"இந்த நீளக் கத்தி எதை அறுக்கறதுக்கு?"

"பன்னியை."

"ஓஹோ! அந்தம்மா புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாங்களா?"

விபெகே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அதை நீங்கதான் சார் அவங்ககிட்ட கேட்டுச் சொல்லணும்."

"நக்கலா? அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்?"

"ரெண்டரைக்கு. அதுக்குள்ள நான் எல்லாத்தையும் முடிச்சாகணும். பொல்லாத மனுஷர், மோப்பம் பிடிச்சிடுவாராம். தயவுபண்ணி விட்டுடுங்க சார்!"

"அதுக்காகவேதான் விடப்போறதில்ல."

ஸ்டேஷனில் கத்திகளையும் கைபேசியையும் ஒரு பையில் போட்டுக் கட்டினார் பிரேபன்.

"கடைசியாக் கேக்கறேன். இப்படியே இருந்தா அபராதம் கட்டணும், கத்தியும் திரும்பக் கிடைக்காது. அந்த வீடு எது?"

விபெகே பையையே பார்த்தாள். இருபது வருடமாக அவளுக்குச் சோறு போட்ட கத்திகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சத்தியம் சத்தியம்தான் சார்" என்றாள்.

இரண்டு மணிக்கு பிரேபனின் ஷிப்ட் முடிந்தது. "வாக்குமூலம் வாங்கு. கெட்டிக்காரி, ஏமாந்துடாதே" என்று அடுத்து வந்தவரிடம் அவளை ஒப்படைத்துவிட்டு, சீட்டியடித்தபடி வீட்டுக்கு சைக்கிளை மிதித்தார். முன்பின் தெரியாத ஒரு அப்பாவிப் புருஷனின் உயிரைக் காப்பாற்றியாயிற்று! முதல் வேலையாக மனைவி இங்கலிஸிடம் சொல்ல வேண்டும். விளக்கில்லாத சைக்கிளைப் பிடிக்கத்தான் லாயக்கு என்று எத்தனை வருடமாகக் கேலி செய்கிறாள்!

தெருமுனையில் திரும்பியவர் சட்டென்று பிரேக் பிடித்தார். அவர் வீட்டு வாசலைச் சுற்றிப் பச்சைத் தழைத் தோரணம். உச்சியில் வெள்ளித்தாளில் வெட்டிய எண்: 25.

கல்யாண நாள்! சுத்தமாக மறந்தே போய்விட்டது.

உள்ளே முப்பது பேர் கைதட்டினார்கள். மேசை நிறைய, விசேஷத்துக்கு வைக்கிற குட்டிக் குட்டித் தேசியக் கொடிகள். நடுவில், முழுசாக வறுத்த பன்றி, கத்தி படாமல் அப்படியே இருந்தது. இங்கலிஸ் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"பிரேபன், உனக்குத் தெரியாம எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துப் பண்ணினேன். இதை அறுத்துப் பரிமாற வேண்டிய சமையல்காரம்மாவை மட்டும் இன்னும் காணோம்! போலீஸே பிடிச்சுக் கேட்டாலும் எங்க வீட்டுப் பேரைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்… பாவம், எந்தக் கடன்காரன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கறாங்களோ!"