வெறும் வாயு

வலது விலாவுக்குக் கீழே கருவேல முள் ஏறியது போல் குத்தியது. பிரேமலதா வயிற்றை அமுக்கிக்கொண்டு கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த இடைசெவல் கிராமத்துக்காரி கேட்டாள்.

“வீட்டுக்காரவுக வரலையா தாயீ?”

“அவியளுக்கு வேலை. வெறும் வாயுன்னு மூணு மாசமா சோடா வாங்கித் தாராவ. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா ஊரு சிரிக்குமாம்.”

“நல்ல ஆம்பள! மாடு படுத்தாக்கூட நாங்க வைத்தியரைக் கூப்பிடுவோம்.”

பிரேமலதா தன் தாயார் பெயரில் டோக்கன் எடுத்திருந்தாள். அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனாள். டாக்டர் காசிராஜன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யுது?”

“சாப்பிட்டா விலாவுக்குக் கீழ குத்துது. முதுகு வரைக்கும் இழுக்குது. மூணு மாசமா.”

“பித்தப்பையில கல்லு இருக்கும். இத்தனை நாளா என்ன செஞ்சீங்க?”

“வாயுன்னு சொன்னாவ.”

“எந்த மடையன் சொன்னான்?”

“நீங்கதான்.”

நிமிர்ந்தார். இருபத்திரண்டு வருஷமாகக் கூடக் குடித்தனம் நடத்துகிறவளின் குரல் தெரியாதவருக்கு, முகமாவது தெரிந்தது.

“ஏட்டி, இங்கன எதுக்கு வந்த? வீட்டுல சொல்லக்கூடாதா?”

“வீட்டுல சொன்னா டிவி சத்தத்தைக் கூட்டுதீங்க. வேற டாக்டருக்குச் சீட்டு எழுதித் தாங்கன்னா கௌரவம் போயிரும்னீங்க. அந்தச் சீட்டு எனக்கு இன்னும் பாக்கி.”