பலகையில் பதினோரு சங்கரா

பட்டினப்பாக்கத்தில் காலை வெயில் மீன் செதிலில் மினுங்குகிறது. கதிரேசன் விற்பனைப் பலகையில் பதினோரு சங்கரா மீனை ஆட்டக்காரர்களாக நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து லீக் தொடங்குகிறது. அவர் பயிற்சி கொடுக்கும் நம் பேட்டை அணியில் ஒருவனுக்கு முட்டி வீக்கம், இன்னொருவனுக்குக் கணுக்காலில் கட்டு. மிச்சம் சரியாகப் பதினோரு பேர், மாற்றி இறக்க ஆளில்லை. யாரோ அரைக் கிலோ கேட்க, மனைவி ஷீலா கோலுக்கு முன்னால் நிற்கும் இரண்டை அள்ளுகிறாள். "அய்ய, அது ரெண்டும் பேக் ஆடறவங்கமே! அத்த எடுத்தா கோலாண்ட யாரு கீறாங்க?" "கொழம்புல ஆடட்டும், வுடுய்யா." அதற்குள் ஒரு காக்கை சென்டர் ஃபார்வர்டைக் கவ்விக்கொண்டு, மூன்று பூனைகளுக்கு டிமிக்கி கொடுத்து, வலது ஓரமாகவே பறக்கிறது. நம் பையன்கள் ஒருத்தனும் இதுவரை அப்படிப் போனதில்லை. கதிரேசன் சிரிக்காமல் கோல்கீப்பரை இரு கையாலும் எடுத்து, அதன் வாலடியில் ஐஸ் கட்டி வைத்து, வலித்துவிடப் போகிறதே என்பதுபோல் மெல்ல அழுத்துகிறார். "இவனுக்கு மட்டும் எதுவும் ஆவக்கூடாதுமே." அடுத்து வந்தவர் அந்த மீனைத்தான் காட்டுகிறார். ஷீலா கத்தியைக் கீழே வைக்கிறாள். "அது விக்கறதுக்கு இல்ல நைனா. வேற ஆளு இல்ல."