மோட்டார நிறுத்து

கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறியதும் மதிவாணன் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். எடுக்க வேண்டியதில்லை. "குந்தவை, மோட்டார நிறுத்து" என்று தன் குரலையே மனைவியின் போனில் ரிங்டோனாக வைத்திருந்தான். அதைக் கேட்டதும் குந்தவை கொட்டகைக்குப் போய் மோட்டாரை நிறுத்துவாள்.

வயலில் கரன்ட் பாய்ந்து அவன் செத்த அன்று குந்தவையின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள்.

கருமாதி முடிந்த பிறகும் அந்தக் குரல் கூப்பிட்டது. திரையில் நம்பர் எதுவும் வரவில்லை. மகள் செம்மொழி ரிங்டோனை மாற்றினாள். மறுபடி கூப்பிட்டது. பதிவையே அழித்தாள். அப்போதும் கூப்பிட்டது. கடைசியில் பாபநாசத்தில் ஒரு செல்போன் கடைக்காரர் போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தார்.

"புது போன் மாதிரி ஆக்கிட்டேங்க. உள்ள ஒண்ணுமே இல்ல."

திரும்பும்போது பஸ்ஸில் பைக்குள்ளிருந்து கூப்பிட்டது.

"ஆஃப் பண்ணி வையேம்மா."

"ஆஃப் பண்ணித்தான்டி வச்சிருக்கேன்."

வீட்டுக்குக்கூடப் போகாமல் குந்தவை நேரே கொட்டகைக்குப் போனாள். அவன் செத்த அன்றே ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கதவைப் பூட்டியிருந்தார்கள். பூட்டைத் திறந்து மோட்டாரின் மேல் கை வைத்தாள். சுட்டது.

ஸ்டார்ட்டரில் மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றாள்.

"குந்தவை, மோட்டார நிறுத்து" என்றது குரல், எப்போதும்போல அவசரமே இல்லாமல்.